உங்க இஷ்டமுங்க

(சென்னிமலையில் ஒரு வாசகர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

வாயைத் திறக்காமல் இருப்பது நல்லதா, மனத்தில் பட்டதை எப்போதும் சொல்லிவிடுவது நல்லதா என்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். பட்டிமன்றமாக இருந்தால் ஏதேனும் ஒரு கட்சியில் நின்றுகொண்டு எளிதாகப் பேசிவிடலாம். ஆனால் கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு, இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று சிறுவயதிலேயே பழகிவிடுகிறது. சம்பந்தம் பேச வந்தவர்களிடம் விருப்பமில்லை என்று நாம் சொல்வதில்லை. "ரோசனை பண்ணிச் சொல்றமுங்க" என்கிறோம். கடன் கேட்டு வந்தவரிடம் "பாத்துச் சொல்றனுங்க" என்கிறோம். கேட்டவருக்கும் பதில் விளங்கிவிடும். காப்பியைக் குடித்துவிட்டு முகம் வாடாமல் கிளம்பிவிடுவார். நாளைக்கு அதே சந்தையில், அதே மாரியம்மன் பொங்கலில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவேண்டியவர்கள் செய்துகொண்ட நல்ல ஏற்பாடு இது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வதும் நமக்கு எளிதாகிவிட்டது என்பதுதான் என் கவலை.

இதற்கு நேர் எதிரானவரும் ஊருக்கு ஒருவர் உண்டு. "நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டனுங்க, பட்டுனு சொல்லிப்போடுவேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பட்டென்று சொன்ன அவர், தமக்குப் படியளக்கும் முதலாளியிடம் ஒருநாளாவது பட்டென்று பேசி நான் பார்த்ததில்லை.

அமைச்சு அதிகாரத்தில் வள்ளுவர், "அறிகொன்று அறியான் எனினும் உறுதி உழையிருந்தான் கூறல் கடன்" என்கிறார். அறிந்தவர் சொல்லை மன்னன் தள்ளினாலும், தானாகவும் அறியாதவனாக இருந்தாலும், அருகில் இருப்பவன் உறுதியானதை எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்பது பொருள். இதில் இரண்டு சொற்கள் என்னை நிறுத்துகின்றன. சொல்லவேண்டியது 'உறுதி', அதாவது கேட்பவனுக்கு நன்மை தருவது. சொல்பவனின் மனத்தில் பட்டது எல்லாம் அதில் சேராது. சொல்லவேண்டியவன் 'உழையிருந்தான்', பக்கத்தில் இருப்பவன். தூரத்தில் நின்று கத்துகிறவன்மேல் வள்ளுவர் கடன் எதையும் சுமத்தவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே வாய் மூடியிருப்பவன்தான் கடனாளி.

அப்படிப் பார்த்தால் நொய்யல் விஷயத்தில் நாம் எல்லோருமே கடனாளிகள். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து வரும் அந்த ஆற்றில், இந்த மேடையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஒரத்துப்பாளையத்தில், 1992-இல் பாசனத்துக்காக ஓர் அணை வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் சாயக்கழிவு வந்து தேங்கிற்று. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது. கழிவுநீரில் நிறத்தை நீக்கினாலும் கரைந்த உப்பு எளிதில் நீங்குவதில்லை. அந்த உப்பு கிணறுகளில் இறங்கி, தென்னையையும் வயலையும் கெடுத்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்கவேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை உண்டாயிற்று.

திருப்பூர்ப் பாலங்களைக் கடந்த ஒவ்வொருவரும் ஆற்றின் நிறத்தைப் பார்த்தோம், பேசவில்லை. அதைக் கோழைத்தனம் என்று மட்டும் சொன்னால் நியாயமாகாது. மழையை நம்பி ஏமாந்த குடும்பங்களுக்குப் பனியன் தொழில்தான் சோறு போட்டது. மைத்துனன் கட்டிங் மாஸ்டர், மகள் செக்கிங்கில், தம்பி சாயப்பட்டறையில் என்று இருக்கிற வீட்டில் யார் எழுந்து ஆற்றைப் பற்றிப் பேசுவது? பேசியவர்கள் ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, எந்தப் பிழைப்புக்காக வாய் மூடியிருந்தோமோ அந்தப் பிழைப்பே நின்றுபோயிற்று. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டைப் பத்தாண்டு முன்பே ஊர் கூடிக் கேட்டிருந்தால், தொழிலும் அவ்வளவு அடி வாங்கியிருக்காது என்றே நான் எண்ணுகிறேன்.

ஆற்றைப் பற்றிப் பேசுவது ஒரு விதத்தில் எனக்கு வசதி. அந்தக் குற்றம் ஆயிரம் பேருக்குப் பங்கு போய்விடுகிறது. பங்கு போகாத ஒன்றையும் சொல்லவேண்டும்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத் திருத்தம் செய்தது. அதற்கு முன் திருமணமானவர்களுக்குத்தான் அது பொருந்தவில்லை. என் அக்காவுக்குத் திருமணம் நடந்தது 1994-இல். அப்பா இறந்து, 2003-இல் நாங்கள் பாகம் பிரித்தபோது, வழக்கம்போல அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா என்னைப் பார்த்து, "நீ என்ன தம்பி சொல்றே?" என்று கேட்டார். எனக்குச் சட்டம் தெரியும். அவர் பங்கு எனக்கு வரப்போகிறது என்பதும் தெரியும். "உங்க இஷ்டமுங்கக்கா" என்றேன். அதைவிட மரியாதையான ஒரு சொல்லை அந்தத் திண்ணையில் அன்று வேறு யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவர் கையெழுத்துப் போட்டார்.

பல ஆண்டுகள் கழித்து இதை அவரிடமே சொன்னேன். "சட்டம் எனக்கும் தெரியும் தம்பி" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முறத்தில் இருந்த துவரையைப் புடைக்கத் தொடங்கிவிட்டார். அக்காவின் பங்கை அவர் பெயருக்கே எழுதித்தரும் செட்டில்மென்ட் பத்திரம் சென்ற வாரம் தயாராகி, இப்போது என் பையில் இருக்கிறது. என் மகன்களுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அவர்களை உட்காரவைத்துச் சொல்வதாக இருக்கிறேன்.

வணக்கம்.