பூட்டாத ஒரு கதவு

(திருகோணமலையில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அம்மாமாரே, பிள்ளைகளே, வணக்கம்.

பேத்தை மீனில் இருந்து தொடங்குகிறேன். கடற்கரையில் வளர்ந்த உங்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கிற நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. தின்றவருக்கு முதலில் உதடு விறைக்கும், பிறகு கை கால் சோரும், கடைசியில் மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது. இயந்திரத்தால் மூச்சை ஓட்டி, நஞ்சு உடம்பை விட்டுப் போகும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம்.

அந்த நஞ்சு அப்படி என்ன செய்கிறது? நரம்புக் கலத்தின் மென்சவ்வில், சோடியம் அயன் உள்ளே வருவதற்கென்று ஒரு புரதம் உண்டு. அதன் வாயில் போய்த் தக்கை மாதிரி அடைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். சோடியம் வராவிட்டால் நரம்பில் செய்தி ஓடாது. செய்தி ஓடாவிட்டால் மூச்சுத் தசை அசையாது.

கலமென்சவ்வு என்றதும் இரண்டு கோடு கீறி, நடுவில் நாலு உருண்டை போட்டு, ‘புரதம்’ என்று பெயரிட்டுப் புள்ளி வாங்கிவிடுகிறோம். எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. ஓர் உருண்டையின் வாய் அடைபட்டால் ஓர் ஆள் இறந்துபோகிறார்!

அந்தக் கோடுகள் பொஸ்போலிப்பிட்டு என்ற கொழுப்பின் இரட்டைப் படை. தடிப்பு ஏறத்தாழ 7 நனோமீற்றர். எண்ணெயில் உப்புக் கரையாது அல்லவா? அதனால் சோடியமும் குளுக்கோஸும் தாமாக இதைக் கடப்பது மிகக் கடினம், புரதம்தான் வழிவிட வேண்டும். தண்ணீருக்குக்கூடத் தனி வாய்க்கால் உண்டு. அதைக் கண்டறிந்த பீற்றர் ஆக்ரேக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலின் வந்து தொடுவது ஒரு சவ்வுப் புரதத்தைத்தான். குருதி வகையில் ‘பொசிற்றிவ்’ என்கிறோமே, அதுவும் செங்குருதிக் கலத்தின் சவ்வில் இருக்கும் ஒரு புரதம்தான்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலம். தம்பிக்கு வயிற்றோட்டம். கண் உள்ளே போய், அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தான். அம்மா ஜீவனி என்ற உப்பும் சீனியும் கலந்த தூள் பக்கெற்றைத் தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்கக் கரண்டி கரண்டியாகப் பருக்கினா. விடியும்போது அவன் சிறுநீர் கழித்தான். அதைப் பார்த்து அம்மா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

பல வருடம் கழித்துத்தான் காரணம் படித்தேன். வாந்திபேதிக் கிருமியின் நச்சு, குடற் கலத்தில் குளோரைட் வெளியேறும் புரதத்தைத் திறந்தபடியே விட்டுவிடுகிறது. குளோரைட்டின் பின்னால் சோடியமும் தண்ணீரும் போகின்றன. ஆனால் பக்கத்தில் இன்னொரு புரதம் பழுதில்லாமல் இருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை: சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். கலத்தின் மறுபக்கத்தில், டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கூ 1957இல் கண்டறிந்து எழுதிய சோடியம் பம்பி, உள்ளே வந்த சோடியத்தைக் குருதிப் பக்கம் தள்ளுகிறது. ஒரு தடவைக்கு 3 சோடியம் வெளியே, 2 பொற்றாசியம் உள்ளே. தண்ணீர் சோடியத்தின் பின்னாலேயே உடம்புக்குள் திரும்பி வருகிறது.

ஆக, ஜீவனியில் குளுக்கோஸ் என்ற சீனி இருப்பது ருசிக்காக அல்ல. சீனி இல்லாமல் அந்தக் கதவு உப்பை ஏற்காது. 1971இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த பொன்காவோன் முகாமில் சேலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மகாலனபிஸ் என்ற வைத்தியர் இந்தக் கரைசலைத்தான் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில், அது 4 பேருக்கும் கீழே இறங்கியது. எங்கள் அம்மாவைப் போன்ற அம்மாமார்தான் அங்கேயும் கரண்டி பிடித்திருப்பார்கள்.

அம்மாமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை குடிக்கவில்லை என்று மேலதிகமாகச் சீனி போடாதீர்கள். சீனி கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து, வயிற்றோட்டத்தைக் கூட்டும். சோடாவும் அப்படித்தான். பக்கெற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரை, கொதித்தாறியதாக, அளந்து ஊற்றுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டியால் கொடுங்கள். பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இன்று விடியக் கரைத்ததில் மிஞ்சியதை நாளை விடிய வெளியே கொட்டிவிட்டு, புதிதாகக் கரையுங்கள்.