புரட்டாசியில் பரணைவிட்டு இறங்க வேண்டிய எலிக்கிட்டி

விவசாயப் பெருமக்களே, நேயர்களே, வணக்கம்.

குறுவை அறுப்பு முடிந்து வயல் வெறுமனே கிடக்கிறது. சம்பா நாற்று இன்னும் நாற்றங்காலில்தான் நிற்கிறது. காவிரி டெல்டாவில் கிட்டி, அதாவது மூங்கில் வில்லில் நாண் கட்டிய எலிப்பொறி வைக்க இதைவிட நல்ல சமயம் கிடையாது. ஆனால் பல ஊர்களில் மார்கழியில்தான், நடு வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் சாய்ந்து கிடப்பதைப் பார்த்த பிறகுதான், கிட்டிக்காரரைத் தேடி ஆள் போகிறது. அப்போது வயல் முழுக்கத் தொண்டைக்கதிர், அதாவது வெளிவரும் தறுவாயில் இருக்கும் கதிர். நீங்கள் வைக்கிற இரையை எலி சீண்டுமா? இப்போது வயலில் மேய ஒன்றுமில்லை, அதனால் இரைக்கு வரும். வளைக்குள் குறுவைக் கதிரைச் சேர்த்து வைத்திருக்குமே என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் வரப்புக் கழிக்கும்போதே வளையைத் தோண்டி அந்தக் கதிரை எடுத்துவிட வேண்டும்.

சரி, கிட்டிக்கு வருவோம். கிட்டி கட்டுவதை வானொலியில் சொல்லி விளங்கவைக்க முடியாது, கட்டத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழக வேண்டும். ஏற்கெனவே இருக்கிற கிட்டியைச் சோதிப்பதை மட்டும் சொல்கிறேன். பரணிலிருந்து இறக்கியதும் வெள்ளைத் துணியின் மேல் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரித் தூள் கொட்டினால் மூங்கில் உளுத்துவிட்டது, அது அடுப்புக்குத்தான் ஆகும். கொட்டாவிட்டால் வில்லை வளைத்து விடுங்கள். வெடுக்கென்று நிமிர வேண்டும். சோம்பேறித்தனமாக நிமிர்ந்தால் போன வருஷம் நாணை அவிழ்க்காமலே மேலே போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மாதக்கணக்கில் வளைந்தே கிடந்த மூங்கிலுக்கு விசை போய்விடும். அந்த வில் எலியைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கொல்லாது. எலி துடித்துத் தப்பிக்கும், அல்லது கிட்டியோடு இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் போய்விடும். ஆகவே பருவம் முடிந்ததும் நாணை அவிழ்த்துவிட்டு, புகை படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். புகை பட்ட மூங்கிலில் வண்டு சீக்கிரம் விழாது. நாணையும் விரலால் உருவிப் பாருங்கள். நைலானாக இருந்தாலும் வெயிலில் கிடந்தால் நைந்துதான் போகும். பிசிறு தட்டினால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது வளை எண்ணுவது. சாயங்காலம் வரப்பு, வாய்க்கால் கரை எல்லாம் நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு வளை வாயையும் ஈரமண்ணால் அடையுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள். எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பெருச்சாளி ஜாதியில் சின்னதாக ஒன்று இருக்கிறது, டெல்டா வயலில் அதிகத் தொல்லை தருவது அதுதான். அது தன் வளை வாயைத் தானே பொலபொலவென்ற மண்ணால் மூடிக்கொள்ளும். மூடியிருக்கிறதே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். வாயருகே புதுமண் குவிந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

ஏக்கருக்கு 40 கிட்டி வரை தேவைப்படும். பொரியோ வறுத்த அரிசியோ இரையாகப் போதும், கருவாட்டுத் துண்டும் வைக்கலாம். புதுச் சாமானைக் கண்டால் எலி ஒதுங்கிப் போகும். அதனால் முதல் 2 ராத்திரி கிட்டியை ஏற்றாமல், அதாவது வில்லை வளைத்து மாட்டாமல், இரையை மட்டும் வையுங்கள். மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் ஏற்றி, விடியுமுன் எடுத்துவிடுங்கள். விடிந்த பிறகு கிடந்தால் காக்கையும் நாயும் கிட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடும்.

கூலி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். எலிக்கு இவ்வளவு என்று பேசினால், எலி நிறைய விழுகிற இடத்திலேயே கிட்டி நிற்கும். கடைசி நாலைந்து எலிக்காக யார் மெனக்கெடுவார்கள்? மிஞ்சுவது அந்த நாலைந்துதான். சினைக்காலம் சுமார் 3 வாரம், கதிர் வரும்போது குடும்பம் பெருகிவிடும். ஏக்கர் கணக்கில் கூலி பேசுங்கள். பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வயல் மட்டும் காலியானால் அடுத்த வயல் எலி குடிவந்துவிடும். மறுபடியும் சொல்கிறேன், நடவுக்கு முன்னால்.

செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தால் பரவுவது. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் சேற்றில் இறங்கும்போதும் கவனம் வேண்டும். அக்கம்பக்கத்தில் துத்தநாகப் பாஸ்பைடு என்ற எலி விஷம் வைத்திருந்தால் கிட்டியில் விழுந்த எலியைச் சமைக்கவே கூடாது. அந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. முயலோ உடும்போ விழட்டும் என்று யாராவது கிட்டி வைத்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

ஆந்தைக்குக் குச்சி நடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: தென்னை மட்டையைத் தலைகீழாக, பயிரைவிட உயரமாக வயலில் ஊன்றுங்கள், ராத்திரி ஆந்தை வந்து உட்காரும். கதிர் பால் பிடிக்கும்போது மறக்காமல் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதே மட்டையில் பகலில் குருவி உட்கார்ந்துகொள்ளும். வணக்கம்.