நடக்காத போட்டியில் யார் முன்னிலை? அமெரிக்கக் கருத்துக்கணிப்பைத் திருப்பூரிலிருந்து படிப்பது எப்படி

[திரையில்: கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் படம். இரண்டு முகங்கள், நடுவில் "46 – 43" என்று பெரிய எழுத்தில்.]

இந்த மாதிரிப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். 2028 அமெரிக்க அதிபர் தேர்தலில் இன்னாரும் இன்னாரும் மோதினால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அந்த இருவரில் ஒருவரைக்கூட எந்தக் கட்சியும் இன்னும் வேட்பாளராக அறிவித்திருக்காது. ஆனாலும் "முன்னிலை" என்ற சொல் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

திருப்பூரிலும் கரூரிலும் இதை யாரும் பொழுதுபோக்குக்காகப் பார்ப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதத்தைத் தொட்டது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டுக்குத்தான் போகிறது. அங்கே பையர் ஆர்டரை நிறுத்தி வைத்தால், இங்கே நிட்டிங், டையிங், பவர்டேபிள், செக்கிங் என்று ஒவ்வொரு இடமாக வேலை குறையும். கடைசியில் சனிக்கிழமைச் சம்பளம் வாங்குகிறவர் கையில் வந்து நிற்கும். அதனால் "அடுத்து அங்கே யார்?" என்று கேட்பது முழுக்க நியாயமான கேள்வி.

பல்லடம் ரோட்டில் ஏதோ ஒரு பேக்கரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ டம்ளரோடு இரண்டு பேர்.

"ஏனுங்ணா, அடுத்து அங்க யாருங்க வருவாங்க?"

"கணிப்புல நியூசம் முன்னால இருக்காராமுங்க. அவரு வந்தா வரி இறங்கிருமுங்க."

நியூசம், டிரம்பின் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர், 2019இல் கலிபோர்னியா ஆளுநர் ஆனவர். இந்தப் பதிலில் இரண்டு தாவல் இருக்கிறது. கணிப்பில் முன்னால் இருப்பவர் ஜெயிப்பார் என்பது ஒன்று. ஜெயித்தால் வரி இறங்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சீனப் பொருட்கள் மீது டிரம்ப் 2018இல் போட ஆரம்பித்த வரிகளை, 2021இல் பதவிக்கு வந்த பைடன் எடுத்துவிடவில்லை. பெரும்பாலானவற்றை அப்படியே வைத்திருந்தார், 2024இல் சிலவற்றை ஏற்றவும் செய்தார். ஆள் மாறினால் வரி மாறும் என்று எழுதி வைத்த விதி எதுவும் இல்லை.

முதல் தாவலுக்கு வருவோம். இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[திரையில்: ஒரு தொலைபேசி உரையாடல் எழுத்து வடிவில் ஓடுகிறது.]

கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இன்றைக்கே அதிபர் தேர்தல் நடந்தால், குடியரசுக் கட்சியின் ஜே.டி. வான்ஸ், ஜனநாயகக் கட்சியின் கவின் நியூசம், இவர்களில் யாருக்கு வாக்களிப்பீர்கள்?" வான்ஸ், 2025இல் டிரம்பின் துணை அதிபர் ஆனவர். மறுமுனையில் ஓஹையோ மாநிலத்தில் ஒரு அம்மா இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெயரில் ஒன்று அவருக்குத் தெரியும். மற்றது எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறது. அடுப்பில் ஏதோ கொதிக்கிறது. "தெரியாது" என்று சொல்லத் தயக்கம். தனக்குப் பழக்கமான கட்சியின் பெயரைச் சொல்லிவிட்டு ஃபோனை வைக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டது ஆளைப் பற்றி, கிடைத்த பதில் கட்சியைப் பற்றி.

வேட்பாளரே முடிவாகாத போட்டியில் கணிப்பு அளப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்களை. எந்தப் பெயர் பரிச்சயம், எந்தக் கட்சி மேல் பிடிப்பு, இப்போது ஆள்பவர் மேல் எவ்வளவு சலிப்பு. மூன்றுமே தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் மூன்றும் சேர்ந்தாலும் தேர்தல் முடிவாகிவிடாது.

வரலாற்றைப் பாருங்கள். 2007ஆம் ஆண்டு முழுக்க அமெரிக்கப் பத்திரிகைகள் திரும்பத் திரும்பக் கேட்ட போட்டி ரூடி ஜூலியானிக்கும் ஹிலாரி கிளின்டனுக்கும் இடையே. ஜூலியானி நியூயார்க் மேயராக இருந்தவர், 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு நாடறிந்த முகம். ஹிலாரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எத்தனை கணிப்புகள், எத்தனை தலையங்கங்கள்! 2008 நவம்பரில் வாக்குச்சீட்டில் இருந்த பெயர்கள் ஒபாமாவும் ஜான் மெக்கெய்னும். அந்த ஒரு வருடக் கணிப்பு முழுவதும், நடக்கவே நடக்காத ஒரு போட்டிக்கானது.

1995இல் காலின் பவல். வளைகுடாப் போரின்போது அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக இருந்து பெயர் பெற்றவர். அதிபர் பில் கிளின்டனை எதிர்த்து நின்றால் பவல் ஜெயிப்பார் என்று கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த வருடம் நவம்பரில் "நான் போட்டியிடவில்லை" என்று அறிவித்துவிட்டார். நிற்காத ஒருவரிடம் குறையே தெரியாது. விவாத மேடையில் அவர் தடுமாறியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், எதிர்க்கட்சி அவர் பழைய பேச்சைத் தோண்டியிருக்காது. 2024 ஜூலை ஆரம்பத்தில் ஒரு கணிப்பில் மிஷெல் ஒபாமா டிரம்பை 50க்கு 39 என்று முந்தியதையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அவர் அரசியலுக்கு வரமாட்டேன் என்று பல முறை சொன்னவர்.

மறுபக்கமும் நடந்திருக்கிறது. 1975 தொடக்கத்தில் ஜிம்மி கார்ட்டரின் பெயர் கணிப்புகளில் கிட்டத்தட்ட இல்லை. 1976 அதிபர் தேர்தலில் ஜெயித்தவர் அவர்தான். 1983 தொடக்கத்தில் முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேல், அப்போதைய அதிபர் ரீகனை முந்துவதாகக் கணிப்பு வந்தது. 1984இல் ரீகன் 50 மாநிலங்களில் 49ஐ அள்ளினார்.

அப்படியென்றால் முன்கூட்டிய கணிப்பு எல்லாமே குப்பையா? நான் அப்படி நினைக்கவில்லை. 2019இல் பைடன் – டிரம்ப் என்று கேட்டபோது பெரும்பாலான கணிப்புகள் பைடனை முன்னால் காட்டின. 2020இல் அவர் சுமார் 4.5 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். வித்தியாசம் சுருங்கியது, திசை சரியாக இருந்தது. காரணம், இருவருமே ஊரறிந்தவர்கள். ஒருவர் பதவியில் இருக்கும் அதிபர், மற்றவர் எட்டு வருடம் துணை அதிபராக இருந்தவர். இருவரைப் பற்றியும் மக்கள் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இரண்டு பெயரும் சம அளவில் பரிச்சயம் என்றால் எண்ணுக்கு மதிப்பு கூடும். ஒன்று தெரிந்தது, இன்னொன்று தெரியாதது என்றால் அது பரிச்சயக் கணக்கு, அவ்வளவுதான்.

[திரையில்: ஈரோடு மஞ்சள் மார்க்கெட். ஒரு கை விரலி மஞ்சளை முறிக்கிறது.]

சரி, யாரைக் கேட்டார்கள்? ஈரோட்டில் மஞ்சள் வாங்குகிறவர் நூறு மூட்டையையும் கொட்டிப் பார்ப்பதில்லை. சாம்பிளில் ஒரு விரலியை முறித்து உள்நிறம் பார்ப்பார். எல்லா மூட்டையிலிருந்தும் கலந்து எடுத்த சாம்பிள் என்றால் ஒரு கை போதும். மேல்மூட்டையிலிருந்து மட்டும் எடுத்திருந்தால், ஒரு சாக்கு நிறைய எடுத்தாலும் விலை தப்பும்.

1936இல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு நடந்தது அதுதான். ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற ஆல்ஃப் லேண்டன் ஜெயிப்பார் என்றது. ஆனால் முகவரிகளில் பெரும்பங்கு தொலைபேசி வைத்திருந்தவர்களும் கார் வைத்திருந்தவர்களும். பெரும் பொருளாதார மந்தக் காலம் அது. அந்தப் பட்டியலில் ஏழைகள் குறைவு, பதில் எழுதிப் போட்டவர்களும் பெரும்பாலும் மாற்றம் கேட்டவர்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். அதைவிட மிகக் குறைவான பேரைக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப், ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார்.

இன்றைய சிக்கல் வேறு மாதிரி. அமெரிக்காவில் யாரும் ஃபோன் எடுப்பதில்லை. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2018இல் அது 6 சதவீதம். அதனால் கிடைத்த பதில்களை வயது, படிப்பு, இனம், ஊர் என்று கணக்குப் போட்டுச் சரிக்கட்டுகிறார்கள். அதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு கை.

அப்புறம் அந்த 46 – 43. ஆயிரம் பேரிடம் கேட்ட கணிப்பில் ஒவ்வொரு எண்ணும் 3 புள்ளி மேலேயோ கீழேயோ போகலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் என்று பார்த்தால் அந்த இடைவெளி கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 6 புள்ளி ஆகிவிடும். 3 புள்ளி முன்னிலை என்பது சமநிலை என்றுதான் படிக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 89. மீதி 11 எங்கே? முடிவெடுக்காதவர்கள், வேறு ஆளைச் சொன்னவர்கள். படத்தில் அவர்களுக்கு இடமே இல்லை.

உண்மையான வாக்குச்சீட்டில் இரண்டு பெயர் மட்டும் இருக்காது என்பதை நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள், வாக்குச்சீட்டு புத்தகம் மாதிரி இருந்தது. அமெரிக்காவிலும் 2023 கடைசியில் சுயேச்சையாக நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியர் பல கணிப்புகளில் பத்து சதவீதத்தைத் தாண்டினார். 2024 ஆகஸ்ட்டில் பிரச்சாரத்தை நிறுத்தி டிரம்புக்கு ஆதரவு சொன்னார். இருவரை மட்டும் வைத்துக் கேட்கும் கேள்விக்குள் இதெல்லாம் வராது.

[திரையில்: தமிழ்நாடு வரைபடம். கோவை மாவட்டம் மட்டும் வேறு நிறத்தில்.]

இன்னொன்று, என் கணக்கில் இதுதான் முக்கியம். 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கூட்டணி 159 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்தது. கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் அதிமுக கூட்டணிக்கு. மாநில அளவு எண்ணை மட்டும் பார்த்திருந்தால் கோவையைக் கணித்திருக்க முடியுமா? அமெரிக்காவில் மொத்த வாக்கு எண்ணிக்கையால் அதிபர் வருவதில்லை. மாநிலத்துக்கு இத்தனை என்று மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள். பெரும்பாலும் ஒரு மாநிலத்தில் முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்கு முழுவதும். 538இல் 270 வேண்டும். 2016இல் ஹிலாரி நாடு முழுக்க சுமார் 29 லட்சம் வாக்கு அதிகம் வாங்கியும் தோற்றார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து டிரம்ப் முந்தியது சுமார் 78,000 வாக்கில். வாட்ஸ்அப்பில் வரும் படமோ பெரும்பாலும் நாடு தழுவிய எண்.

ஆகவே நூல் வாங்குவதையோ, ஆள் சேர்ப்பதையோ, வங்கிக் கடனையோ இந்தப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். உழைத்துச் சேர்த்த பணம் அது. அமெரிக்க அரசியலைக் கவனிக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றத்துக்கான இடைக்காலத் தேர்தலைக் கவனியுங்கள். 2026 நவம்பர் 3இல் மக்கள் உண்மையாகவே வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள். 2028 தொடக்கத்தில் கட்சிகளின் உட்தேர்தல் மாநிலம் மாநிலமாக ஆரம்பிக்கும். அந்தக் கோடையில் இரண்டு கட்சி மாநாடுகளும் முடியட்டும். இரண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1988 ஜூலையில் ஜனநாயகக் கட்சி மாநாடு முடிந்த கையோடு எடுத்த காலப் கணிப்பில் அந்தக் கட்சியின் வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸ் 17 புள்ளி முன்னால் இருந்தார். குடியரசுக் கட்சி மாநாட்டுக்குப் பிறகு அது மாறிவிட்டது, நவம்பரில் 40 மாநிலங்களை அந்தக் கட்சியின் ஜார்ஜ் புஷ் வென்றார். 2028இல் தேர்தல் நவம்பர் 7. செப்டம்பரிலிருந்து மாநிலவாரிக் கணிப்புகளைப் பாருங்கள், ஒன்றை மட்டும் எடுக்காமல் பலவற்றின் சராசரியை எடுங்கள், பென்சில்வேனியாவிலிருந்து ஆரம்பியுங்கள்.