இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

நேயர்களுக்கு வணக்கம்.

பிளையிங் ஆபீசர் எம்.பி. அனில் குமாரைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கேரளத்துக்காரர். கழக்கூட்டம் சைனிக் பள்ளியில் படித்தவர். மிக்-21 ஓட்டிய போர் விமானி. 1988-இல், 24 வயதில், பதான்கோட்டில் ஒரு இரவு மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு கழுத்துக்குக் கீழே அசைவே இல்லை. புனே பக்கத்தில் கிர்க்கியில் இருக்கும் ராணுவத்தினருக்கான மறுவாழ்வு மையத்தில்தான் மீதி வாழ்க்கை. வாயில் பேனாவைக் கவ்வி எழுதப் பழகினார். அப்படி எழுதிய கட்டுரை பள்ளிப் பாடப்புத்தகத்திலும் ஏறியது. 2014 மே மாதம் ரத்தப் புற்றுநோயில் காலமானார்.

"என்ன மன உறுதி!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உறுதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தண்டுவடம், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை, அடிபட்டவர்களோடு வேலை பார்க்கும் எனக்கு முதலில் தோன்றுவது வேறு. கழுத்துக்குக் கீழே உணர்ச்சியில்லாத ஒருவர் ஏறத்தாழ 26 வருஷம் உயிரோடு இருந்தார் என்றால், அவரை யாரோ ஒழுங்காகப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

நமக்கு ஒரே பக்கம் படுத்தால் வலிக்கும், தூக்கத்திலேயே புரண்டுகொள்வோம். அவர்களுக்கு அந்த வலி தெரியாது. குண்டிமேட்டு எலும்பிலும் குதிகாலிலும் முதலில் லேசாகச் சிவக்கும். விரலால் அழுத்திப் பார்த்தாலும் அந்தச் சிவப்பு மறையாது. அங்கேயே கவனிக்காவிட்டால் எலும்பு வரை குழி விழும். அதனால் படுக்கையில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும், நடுராத்திரியானாலும். கூடவே சிறுநீர் வெளியேற வைத்த குழாயைச் சுத்தமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்க அலுப்பாகத்தான் இருக்கிறது, இல்லையா?

இந்த அலுப்பான வேலைதான் எல்லாவற்றையும் மாற்றியது. முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் ஓரிரு வருஷம்கூடத் தாண்டவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொண்டுபோயின. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்கு வந்த டாக்டர் லுட்விக் குட்மன், ராத்திரி பகல் பார்க்காமல் திருப்பிப் போடச் சொன்னார். பிழைத்தவர்கள் சும்மா படுத்திருக்கவும் அவர் விடவில்லை. 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் 16 முன்னாள் படைவீரர்களைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி வில் எய்ய வைத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்ததுதான். நம் முரளிகாந்த் பேட்கர், 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர், 1972-இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார்.

பேட்கருக்குக் கை இருந்தது. அனில் குமாருக்குத் தலை மட்டும். வாயால் எழுதுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கடைவாய்ப் பல்லில் கோலைக் கடிக்க வேண்டும், முன்பல்லில் பிடித்தால் பல் ஆடிவிடும். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். நாலு வரியில் பிடரி கடுக்கும். கம்ப்யூட்டரிலும் ஒரு கோலால் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த முடியாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான். அப்படி எழுதுகிறவர் வளவளவென்று எழுத மாட்டார்.

இன்னொன்று. அவர் போர்முனையில் அடிபடவில்லை, சாலையில் அடிபட்டவர் என்று சிலர் தயங்கித் தயங்கிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் வித்தியாசமே தெரியவில்லை. சாலை விபத்திலும், மேலிருந்து விழுந்தும் தண்டுவடம் போன படைவீரர்கள் நிறைய.

சாலை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அடிபட்டுக் கிடப்பவரை அவசரப்பட்டுக் கையைக் காலைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றாதீர்கள். தண்ணீர் கொடுக்கவென்று தலையைத் தூக்காதீர்கள். உடைந்த கழுத்தெலும்பு அப்போதுதான் நரம்பை முழுசாக நசுக்கிவிடும். தீயோ வேறு ஆபத்தோ இல்லையென்றால் அங்கேயே இருக்கட்டும். 108-க்குச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.