அந்த ஆரஞ்சுப் பழம் அம்மாவுக்கு மட்டும்

நடுவர் அய்யாவுக்கும் சின்னாளப்பட்டி மக்களுக்கும் வணக்கம். மேடையில இருக்கிற பெரியவங்க பேரையெல்லாம் எங்க அணித் தலைவர் வரிசையாச் சொல்லிட்டார். நான் நேரா சண்டைக்கு வந்துடறேன்.

தலைப்பு என்ன? அன்னை கஸ்தூரிபாவை நல்லா அறிஞ்சவர் கணவரா, பிள்ளைகளா? நான் பிள்ளைகள் கட்சி. சீட்டுக் குலுக்கிப் போட்டதுல விழுந்த கட்சிதான். அந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் இதே தொண்டையிலதான் கத்தியிருப்பேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் ஒண்ணு சொன்னார் பாருங்க. "பிள்ளைக்கு அம்மாவைத் தெரியாதுங்க, அம்மா வெச்ச குழம்பைத்தான் தெரியும். எவனை வேணா கேளுங்க, 'எங்கம்மா மீன் குழம்பு வெச்சா'ன்னுதான் ஆரம்பிப்பான். பிள்ளை வயித்தால நினைக்கிறான், புருஷன் மனசால நினைக்கிறான்." நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. மூணாவது வரிசையில என் வீட்டுக்காரரும் தட்டினார். பார்த்துட்டேன். அதை வீட்டுல பேசிக்கறேன்.

அண்ணே, முதல்ல ஒரு திருத்தம். காந்தி வீட்டுல மீன் குழம்புக்கு எங்கே போறது? அந்த வீட்டுல உப்பு இருந்தாலே விசேஷம்! சரி, வயிறுன்னு சொல்லிட்டீங்க. வயித்தை வெச்சே பேசுவோம்.

காந்திக்கும் கஸ்தூரிபாவுக்கும் நாலு பிள்ளைகள். ஹரிலால், மணிலால், ராமதாஸ், தேவதாஸ். மூத்தவர் ஹரிலாலுக்கு அப்பா மாதிரியே பாரிஸ்டர் ஆகணும்னு ஆசை. அப்பா அனுப்பலை. மனஸ்தாபம் முத்திப்போய் வீட்டை விட்டுப் போனவர், பின்னாடி குடியிலயும் விழுந்துட்டார். நாலு பிள்ளையில தேறாத பிள்ளைன்னு ஊரே சொன்ன பிள்ளை. எங்க கட்சிக்கு நான் கூப்பிடற சாட்சியே அவர்தான்.

மத்தியப் பிரதேசத்துல கட்னின்னு ஒரு ரயில் நிலையம். காந்தியும் கஸ்தூரிபாவும் போற வண்டி அங்கே நிக்குது. பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். "மகாத்மா காந்திக்கு ஜே! மகாத்மா காந்திக்கு ஜே!" அந்தச் சத்தத்துக்கு நடுவுல ஒரே ஒரு குரல்: "மாதா கஸ்தூரிபாவுக்கு ஜே!"

இங்கே கொஞ்சம் நிக்கணும். அந்தக் காலத்துல இந்தியாவுல எத்தனை ஸ்டேஷன், எத்தனை கூட்டம்! எல்லாரும் புருஷனுக்குத்தானே ஜே போட்டாங்க? பக்கத்துல உட்கார்ந்திருந்த பொம்பளைக்கு ஜே போடணும்னு எவனுக்குத் தோணுச்சு? ஒருத்தனுக்குத்தான் தோணுச்சு. அந்த அம்மா தலையைத் திருப்பிப் பார்க்கறாங்க. கிழிஞ்ச துணி, பல் விழுந்த வாய். ஹரிலால்!

ஜன்னல் ஓரம் வந்தவர் பாக்கெட்டுல கையை விட்டு ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுக்கறார். "பா, உனக்குத்தான் கொண்டு வந்தேன்." அவங்க பாஷையில பான்னா அம்மா, பாபுன்னா அப்பா. பக்கத்துல இருந்த பாபு, "எனக்கு என்னடா கொண்டு வந்தே?"ன்னு கேட்கறார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லை. நீங்க இவ்வளவு பெரிய ஆள் ஆனதே பாவாலதான், அதை மட்டும் மறந்துடாதீங்க."

காந்தி மறுக்கலைங்க. "அதுல என்ன சந்தேகம்"னார். எதிர்க்கட்சித் தலைவரே ஒத்துக்கிட்ட வழக்கு இது. இதுக்கு மேல நான் வாதாடணுமா?

இன்னும் இருக்கு. பழத்தை அம்மா கையில கொடுத்தவர் சும்மா போகலை. "இதை நீதான் சாப்பிடணும். வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது. சாப்பிட மாட்டேன்னா திருப்பிக் கொடுத்துடு"ன்னு வாக்கு வாங்கறார்.

அண்ணே, உங்களைத்தான் கேட்கறேன். ஏன் அந்த வாக்கை வாங்கினார்? கையில கொடுத்த பழத்தை அம்மா என்ன பண்ணுவான்னு அவருக்குத் தெரியும். உரிச்சுச் சுளை சுளையாப் பிரிச்சுப் புருஷனுக்கு ரெண்டு, கூட வந்தவங்களுக்கு ஒண்ணு ஒண்ணு கொடுத்துட்டு, தோலைத் தன் மடியில வெச்சுக்குவா. இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் கையைத் தூக்குங்க, நேத்து வீட்டுல வாங்கின பழத்துல உங்களுக்கு எத்தனை சுளை வந்துச்சு? நடுவர் அய்யா, ஒரு கை கூட எழும்பலை, குறிச்சுக்குங்க. குழம்பு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்குத்தான் அண்ணே, குழம்பு வெச்சவ சாப்பிட்டாளான்னு தெரியும்!

"எங்களோட வந்துடுப்பா"ன்னு அந்த அம்மா கெஞ்சிப் பார்த்தாங்க. "அந்தப் பேச்சு வேண்டாம் பா, எனக்கு இனிமே மீட்சி கிடையாது"ன்னு ஹரிலால் கண் கலங்கிட்டார். வண்டி நகர ஆரம்பிச்சிடுச்சு. அப்பத்தான் அவங்களுக்கு ஞாபகம் வருது. ஐயோ, பிள்ளை பசியோட இருப்பானே, நம்ம கூடையில இருந்த பழத்துல ஒண்ணு கூட அவனுக்குக் கொடுக்கலையே! அவசர அவசரமாக் கூடையைத் தேடறாங்க. அதுக்குள்ள பிளாட்பாரம் பின்னாடி போயிடுச்சு. தூரத்துல அந்த ஒத்தைக் குரல் மட்டும் இன்னும் கேட்குது: "மாதா கஸ்தூரிபாவுக்கு ஜே!" அந்த ஜேயை நானும் இன்னொரு தடவை சொல்லிக்கறேன். இந்த மேடையில இதுவரைக்கும் யாரும் சொல்லலை.

எதிரணிக்கு ஒரு துருப்புச் சீட்டு இருக்கு. அவங்க போடறதுக்குள்ள நானே போட்டுடறேன், நகை விவகாரம். 1901-ல தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும்போது குடும்பத்துக்கு ஊர்மக்கள் ஏகப்பட்ட பரிசு கொடுத்தாங்க. அதுல கஸ்தூரிபாவுக்குன்னே ஒரு தங்கச் சங்கிலி, ஐம்பது கினி மதிப்பு, கினின்னா அந்தக் கால இங்கிலீஷ்காரன் பணம். எல்லாத்தையும் பொதுக் காரியத்துக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு காந்தி முடிவு பண்ணிட்டார். பண்ணிட்டு யார்கிட்ட முதல்ல பேசினார்? பிள்ளைங்க கிட்ட! பதிமூணு வயசுப் பையனையும் ஒன்பது வயசுப் பையனையும் தன் கட்சியில சேர்த்துக்கிட்டு அப்புறம்தான் பொண்டாட்டி கிட்ட வர்றார். வக்கீல் புத்தி எங்கே போகும்?

ஆமா, பிள்ளைங்க அன்னைக்கு அப்பா கட்சிதான். ஆனா அந்த அம்மா விட்டாங்களா? "நாளைக்கு மருமகள்கள் வருவாங்களே"ன்னாங்க. "வேணும்னா என்கிட்ட கேளு, வாங்கித் தர்றேன்"னார். "உங்ககிட்டயா? உங்களை எனக்குத் தெரியாதா?"ன்னு ஒரே போடு! சங்கிலி யாரோட சேவைக்குக் கிடைச்சதுன்னு அவர் கேட்டப்போ, "நீங்க செஞ்ச சேவை நான் செஞ்சதுக்குச் சமம், ராப்பகலா உங்களுக்கு உழைச்சேனே"ன்னாங்க. கடைசியில சங்கிலி போயிடுச்சு. வந்த மருமகள்கள்ல ஒருத்தங்க நம்ம ராஜாஜி பொண்ணு லட்சுமி, 1933-ல தேவதாஸைக் கட்டினாங்க. அந்தச் சங்கிலி இருந்திருந்தா தமிழ்நாட்டுக்கு வந்திருக்கும். நஷ்டம் நமக்கு.

அண்ணன் இன்னும் நாலு கேள்வி கேட்டார். பதில் சொல்ல நேரம் பத்தாது. 1944-க்கு வந்துடறேன். புனேயில ஆகாகான் மாளிகைச் சிறை. கஸ்தூரிபா படுத்த படுக்கை. கடைசி மகன் தேவதாஸ், பெனிசிலின் போட்டாவது அம்மாவைப் பிழைக்க வைக்கணும்னு துடிக்கறார். அப்போ அது புது மருந்து, விமானத்துல வரவழைச்சாச்சு. காந்தி வேண்டாம்னுட்டார். போற உயிரை மணிக்கணக்கு வெச்சு ஊசியால குத்த வேண்டாம்னார். இதை வெச்சு இன்னைக்கு எதிரணியைக் கிழிச்சுடணும்னுதான் தயார் பண்ணிட்டு வந்தேன். ஆனா அதுக்கப்புறம் நடந்ததைப் படிச்சேனா, வாய் வரலை.

பிப்ரவரி 22 சாயங்காலம் அவர் மடியிலதான் உயிர் போச்சு. அவர் நூத்த நூல்ல நெய்த சேலையைத்தான் கட்டி விட்டாங்க. மறுநாள் சிதை எரியுது. எழுபத்தி நாலு வயசுக் கிழவர். எல்லாரும் கெஞ்சறாங்க, உள்ளே போய்ப் படுங்கன்னு. அறுபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளை வழியனுப்பறப்போ கடைசி வரைக்கும் இருக்க வேண்டாமான்னுட்டு அங்கேயே உட்கார்ந்துட்டார்.

இது எங்க கட்சிக்கு விரோதமான செய்தின்னு தெரியும். அணித் தலைவர் முறைக்கிறார். முறைச்சுக்கட்டும்.

போன வருஷம் எங்க மாமியார் தவறிட்டாங்க. இறப்புப் பதிவுக்குப் போன இடத்துல வயசு கேட்டாங்க. மாமனார் எழுபதுங்கறார். மகன், அதாவது மூணாவது வரிசைக்காரர், எழுபத்திரண்டுங்கறார். பிறந்த தேதி ரெண்டு பேருக்கும் தெரியலை. அம்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தின மனுஷனும், அந்த வயித்துல பொறந்த மனுஷனும், கையில பாரத்தை வெச்சுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கறாங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கீரைக்காரம்மாதான் சொன்னாங்க: "எனக்கு ரெண்டு வயசு மூத்தவங்க, ஆடி மாசம் பொறந்தவங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாசம்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க." அன்னைக்குத்தான் என் வீட்டுக்காரர் அழுதார். அதுவரைக்கும் அழலை. மாமனார் எழுந்து போய்க் கீரைக்காரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "இன்னும் என்னெல்லாம் சொல்லியிருக்கா?"ன்னு கேட்டார்.

நடுவர் அய்யா, மணி அடிச்சுட்டீங்க. தீர்ப்பைப் பிள்ளைகளுக்கே கொடுங்க, கேட்க வேண்டியது என் கடமை. எதிரணிக்குக் கொடுத்தாலும் வருத்தமில்லை. மாமனாரும் மூணாவது வரிசையிலதான் உட்கார்ந்திருக்கார், ரெண்டு பேருக்கும் வீட்டுக்குப் போய் நான்தான் தோசை ஊத்தணும். வர்றேன், வணக்கம்.