குழாய் போட்டால் முதலை பிழைக்கும்

நண்பர்களே, முதலை ஒருவரை இழுத்துப்போனால் ஊரில் முதலில் எழும் குரல், “பிடித்துக்கொண்டு போய் எங்காவது விடுங்கள்” என்பதுதான். கோபம் நியாயமானது. ஆனால் அந்த ‘எங்காவது’ எங்கே இருக்கிறது? ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் மூன்று உவர்நீர் முதலைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, தொலைவில் விட்டுப் பார்த்தார்கள். மூன்றும் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. எதிர்க்கரையில் விடப்பட்ட ஒன்று, தீபகற்பத்தின் முனையைச் சுற்றி 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியது. கிளம்பியபின் எடுத்துக்கொண்டது 20 நாள்தான்!

சரி, சுட்டுவிட்டால்? காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். ஆளைத் தாக்கிய முதலையை அகற்றத்தான் வேண்டும், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் இன்றும் கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள். ஆனால் அதோடு வேலை முடிந்ததாக அங்கே யாரும் நினைப்பதில்லை.

தாக்குதல் எப்படி நடக்கிறது? முதலையின் தாடையில் புள்ளி புள்ளியாக உணர்வு உறுப்புகள் உண்டு. இருட்டிலும் சிற்றலையை அவை உணரும். தினமும் ஒரே துறையில் குடத்தை அமிழ்த்தினால், அந்த இடம் முதலைக்குப் பழகிவிடும். அப்புறம் அது கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். அந்தக் கரையிலேயே மீன்கழிவையும் கொட்டினால் கேட்கவே வேண்டாம். ஆகவே, என்னைக் கேட்டால் முதலைப் பாதுகாப்பின் முதல் செலவு குடிநீர்க் குழாய்தான்.

குளிக்க ஆற்றுக்குத்தான் போகவேண்டும் என்றால், இலங்கையின் நில்வளா ஆற்றில் செய்திருப்பதுபோல் துறையைச் சுற்றி அடைப்புக் கட்டலாம். ஆனால் வெள்ளத்தில் அடைப்பு பிய்ந்தால் உடனே சரிசெய்ய ஆள் வேண்டும். ஓட்டை விழுந்த அடைப்பு இல்லாததைவிட மோசம், நம்பி இறங்கிவிடுவோம். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் பழுதுபார்க்க வருவதில்லையே!

இழப்பு மட்டும் கரைவாசிக்கு, பெருமை மற்றவர்களுக்கு என்றால் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்? ஆஸ்திரேலியாவின் வட ஆட்சிப்பகுதியில் 1971-இல் உவர்நீர் முதலை வேட்டையைத் தடை செய்தபோது மிஞ்சியிருந்தவை சில ஆயிரம். இன்று ஏறக்குறைய ஒரு லட்சம். முட்டைகளை, தோலுக்காக முதலை வளர்க்கும் பண்ணைகளுக்குச் சேகரிக்கவிட்டு, நிலத்துக்குரிய பழங்குடியினருக்குப் பணம் தருகிறார்கள். எப்படியும் பல கூடுகள் வெள்ளத்தில் மூழ்கத்தான் போகின்றன.

தோல் வணிகத்துக்குச் சட்டம் இடம் தராத இந்தியாவில் இது எடுபடாது. அங்கே இழப்பீடுதான் வழி. ஆனால் முதலை இழுத்துப்போன கன்றின் உடலே கிடைக்காதபோது, உரிமையாளர் எதைக் காட்டுவார்? கரையில் பதிந்த தடமும் அக்கம்பக்கத்தார் சாட்சியும் போதும் என்று விதியில் எழுதுங்கள்.