பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை, அதாவது சாலையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் பாகங்களின் வேலை, பார்ப்பவன் நான். ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், புஷ், லிங்க் ராட் என்று வண்டியின் அடிப்பக்கத்தோடுதான் என் பிழைப்பு. குடும்பத்துக்கு ஏற்ற செடான் கார்களை, அதாவது பின்னால் தனி டிக்கி உள்ள கார்களை, ஒப்பிட்டுப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். பட்டறைக்கு வருகிற பலர் காரை வாங்கிவிட்டு வந்துதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் கேட்கிறவர்களிடம் பேச எனக்கு இது நல்ல வாய்ப்பு.

முதலில் களத்தில் யார் யார் என்று பார்ப்போம். ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ். நடுத்தர செடான் என்றால் இந்த நான்குதான். மாருதி சியாஸ் 2014-இல் வந்தது, 2025-இல் நிறுத்திவிட்டார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கால் நீட்ட அவ்வளவு தாராளமான இடம் அதன் பின் சீட்டில். ஸ்லாவியாவும் விர்டஸும் ஒரே அடித்தளத்தில், ஒரே எஞ்சின்களோடு, ஒரே தொழிற்சாலையில் உருவானவை. உடல் வேறு, எலும்பு ஒன்று. அதனால் அவற்றைச் சேர்த்தே பேசுகிறேன்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த நான்கில் மோசமான வண்டி என்று ஒன்றும் இல்லை. ஆனால் விளம்பரத் தாளைப் பார்த்தோ, ஓட்டுநர் சீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தோ எதையும் முடிவு செய்யாதீர்கள். நம் பகுதிச் சாலையில், பின் சீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடுகிற சாலை. அவ்வளவு எடை ஏறி இறங்கும் தார் எப்படிச் சமமாக இருக்கும்? லாரிச் சக்கரம் ஓடுகிற தடம் பள்ளமாகிவிடும், நடுவில் மேடு நிற்கும். மணலி பக்கமும் இதே கதை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை உள்தெருக்களில் வேறு வகைத் தொல்லை: நினைத்த இடத்தில் நினைத்த உயரத்தில் ஸ்பீட் பிரேக்கர், சாலை மட்டத்துக்கு மேலே நிற்கும் பாதாளச் சாக்கடை மூடி.

இந்த நான்கு வண்டிகளிலும் பின்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கிறது. டார்ஷன் பீம் என்பார்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கு மறு பக்கத்துக்கும் போகும். அமைப்பு ஒன்றுதான் என்பதால், வித்தியாசமெல்லாம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதில்தான். ஸ்லாவியா, விர்டஸ் இரண்டும் கொஞ்சம் இறுக்கமான வண்டிகள். மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளம்கூடத் தெரியும். வேகம் ஏற ஏற அவை சாலையைப் பிடித்துக்கொண்டு அமைதியாகிவிடும். சிட்டியும் வெர்னாவும் நகர வேகத்தில் மென்மையானவை. மேடு பள்ளமான நெடுஞ்சாலையில் நூறைத் தொடும்போது பின் சீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் மேலும் கீழும் ஆடுவார்கள்.

டயரையும் பாருங்கள். பக்கச்சுவரில் 205/55 ஆர் 16 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 205 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 16 என்பது சக்கரத்தின் அங்குல அளவு. கணக்குப் போட்டால் பக்கச்சுவர் சுமார் 113 மி.மீ. வரும். சிட்டியின் மேல் வேரியன்ட்டில், அதாவது விலை கூடிய வகையில், 185/55 ஆர் 16, அதாவது சுமார் 102 மி.மீ. தான். பள்ளத்தில் விழும்போது முதல் அடியை வாங்குவது இந்த ரப்பர்ச் சுவர். அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். அலாய் சக்கரம் நெளிந்து பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் காற்று குறைவாக ஓட்டியவை என்பது என் அனுபவம். பெரிய சக்கரம் அழகுதான், மறுக்கவில்லை. நம் சாலைக்கு உயரமான பக்கச்சுவர்தான் துணை.

அப்புறம், தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி இருக்கும் உயரம். சிட்டிக்கு 165 மி.மீ., ஸ்லாவியாவுக்கும் விர்டஸுக்கும் 179 மி.மீ. பதினான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்த பிறகு ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுவதும் தட்டாததும் அந்தப் பதினான்கில்தான் இருக்கிறது.

பின் சீட்டுக்கு வருவோம். வெர்னாவின் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 2670 மி.மீ., இந்த நான்கில் அதிகம். கால் வைக்க நிறைய இடம், வண்டியும் அகலம். ஆனால் கூரை பின்னால் சரிந்து இறங்குவதால் உயரமானவர்கள் தலை இடிக்கும், ஏறி இறங்கும்போதும் குனிய வேண்டும். மூட்டு வலி உள்ள அம்மாவோ மாமியாரோ வீட்டில் இருந்தால் இதை லேசாக எடுக்காதீர்கள். செடானின் பின் சீட்டிலிருந்து எழுவது அவர்களுக்குப் பாயிலிருந்து எழுவது போல. சிட்டியில் தலைக்கும் தொடைக்கும் ஆதரவு நன்றாக இருக்கும். வயதானவர்கள் அதில்தான் நிம்மதியாக உட்காருகிறார்கள் என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஸ்லாவியாவின் பின் சீட்டு இருவருக்கு என்றே குழித்துச் செய்தது. இரண்டு பேர் என்றால் சுகம். நடுவில் மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் காலுக்கு நடுவே உயர்ந்த மேடு வேறு.

நமக்கென்றே இன்னொரு விஷயம் காற்று. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த வாடை தெரியும். எண்ணூரில் நிலக்கரித் தூசும் சாம்பலும். அந்த இடங்களில் ஏசியை உள் சுழற்சியில் போட்டுக்கொள்ளுங்கள். கேபின் ஃபில்டரை சர்வீஸ் புத்தகம் சொல்வதற்கு முன்பே மாற்றுங்கள். சாதாரண பேப்பர் ஃபில்டருக்குப் பதில் கரி கலந்தது போட்டால் வாடையும் குறையும். கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது வண்டியின் அடியை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். காசிமேடு பக்கமிருந்து வருகிற வண்டிகளில் சைலன்சர் பிராக்கெட்டும் பிரேக் பைப்பும் துருப்பிடித்து நிற்பதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. இது எந்தக் கம்பெனி வண்டிக்கும் வரும்.

சித்திரை வெயிலில் முதுகு நனையாமல் இருக்க, காற்று வரும் முன் சீட்டுகள் வெர்னா, ஸ்லாவியா, விர்டஸ் மூன்றிலும் மேல் வேரியன்ட்டில் உண்டு. சிட்டியில் இல்லை. சென்னைக்கு இது ஆடம்பரம் இல்லை என்பது என் கருத்து.

இப்போது ஓட்டும் சுகம். குடும்பஸ்தனுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாதவரத்தைத் தாண்டி, செங்குன்றம், காரனோடை கடந்து கும்மிடிப்பூண்டி பக்கம் ஓட்டிப் பாருங்கள். முன்னால் லாரி, பக்கத்தில் பஸ், நடுவில் கிடைக்கிற இடைவெளியில் தாண்ட வேண்டும். அப்போது மிதித்த உடனே இழுக்கிற எஞ்சின் பாதுகாப்புக்கும்தான் உதவுகிறது. ஓட்டுகிறவருக்குப் பதற்றம் இல்லையென்றால் பின்னால் இருப்பவர்கள் தூங்கிக்கொண்டே வருவார்கள்.

இந்த விஷயத்தில் டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி, உள்ள வண்டிகளை மற்றவை நெருங்க முடியாது. ஸ்லாவியா, விர்டஸின் 1.5 லிட்டர் எஞ்சின் 150 குதிரைத் திறன், 250 நியூட்டன் மீட்டர் இழுவிசை. சீராக, மெதுவாக ஓடும்போது நான்கு சிலிண்டரில் இரண்டை அதுவே நிறுத்திக்கொண்டு பெட்ரோலை மிச்சப்படுத்தும். வெர்னா டர்போ 160 குதிரைத் திறன், 253 நியூட்டன் மீட்டர். நேர்கோட்டில் வெர்னாதான் வேகம். ஆனால் வளைவில் ஸ்டியரிங் கைக்குச் சொல்லும் சேதி, வண்டி சாய்ந்துகொள்ளாமல் திரும்பும் விதம், இவற்றில் என் ஓட்டு ஸ்லாவியாவுக்கும் விர்டஸுக்கும். சிட்டியின் 121 குதிரைத் திறன் எஞ்சினுக்கு டர்போ கிடையாது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கொஞ்சம் சோம்பல். வேகமாகச் சுற்றச் சுற்ற இனிமையாகப் பாடும். கியர் மாற்றுவதை விரும்பி ஓட்டுகிறவர்களுக்கு அது தனி ருசி.

ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் இங்கே கவனமாகக் கேளுங்கள். மின்ட் சந்திப்பு, பேசின் பிரிட்ஜ், எம்.சி. ரோட்டைச் சுற்றிய தீபாவளி நெரிசல், துறைமுக வாசலுக்கு நிற்கும் லாரி வரிசை. இங்கெல்லாம் வண்டி அடி அடியாக நகரும். 1.5 டர்போ வண்டிகளில் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். நெடுஞ்சாலையில் அற்புதம். அடி அடியாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்துப் பாதி விட்டுக்கொண்டே இருப்பதால் சூடாகும், லேசாகத் தயங்கும். தினமும் இந்த நெரிசலில்தான் வாழ்க்கை என்றால் சிட்டியின் அல்லது டர்போ இல்லாத வெர்னாவின் சி.வி.டி. வகை கியர்பாக்ஸ், அதாவது படிப்படியான கியர் இல்லாமல் வழுக்கிக்கொண்டே மாறுவது, நிம்மதி. அல்லது ஸ்லாவியா, விர்டஸின் 1.0 லிட்டர் டர்போவோடு வரும், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். 115 குதிரைத் திறன், 178 நியூட்டன் மீட்டர். இந்த 1.0-ஐ நிறையப் பேர் சின்ன எஞ்சின் என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்க வேண்டியதே இல்லை. நகரத்துக்கும் ஊருக்குப் போய் வருவதற்கும் தாராளம்.

பாதுகாப்பில் ஒரு வார்த்தை. ஸ்லாவியா, விர்டஸ், வெர்னா மூன்றும் 2023-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கின. ஆனால் வெர்னாவின் உடற்கூடு அந்தச் சோதனையில் நிலையற்றது, அதாவது அதற்கு மேல் அடியைத் தாங்காது, என்று குறிக்கப்பட்டது. மற்ற இரண்டின் கூடு நிலையானது. நட்சத்திர எண்ணிக்கையோடு நிற்காமல் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

மழை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை எத்தனை முறை நிரம்பியிருக்கிறது என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீரில் நின்ற வண்டிகளை நாம் எல்லோரும் பார்த்தோம். எஞ்சின் காற்றை இழுக்கும் வழியில் தண்ணீர் ஏறினால், பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாதாரண காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்க்க வேண்டும். எந்த செடானாக இருந்தாலும் வடசென்னையில் அதைச் சேர்க்காமல் விடாதீர்கள். தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளிக்கொண்டு வாருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். இந்த நான்கும் நாலரை மீட்டர் நீளம். நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இவற்றுக்கு 40. இது 2025 செப்டம்பர் 22 முதல். அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 45 ஆக இருந்தது. அதற்கு மேல் நம் மாநிலச் சாலை வரி. பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை 18 சதவீதம். 12 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 2 லட்சத்து 16 ஆயிரம். ஷோரூமில் "ஒரு லட்சம் மட்டும் கூடக் கொடுங்கள், சன்ரூஃப் வரும்" என்று சொல்லும்போது, உங்கள் கையிலிருந்து போவது ஒரு லட்சத்து 18 ஆயிரம் என்று மனதில் வையுங்கள். அதற்கு மேல் கடன் வட்டி, காப்பீடு.

அதனால் நடு வேரியன்ட்டில் நிறுத்துங்கள் என்பேன். மறு விற்பனையில் சிட்டிக்குப் பழைய மரியாதை இருக்கிறது. 1998-லிருந்து ஓடுகிற பெயர். சர்வீஸ் எளிதாகக் கிடைப்பதில் ஹூண்டாய் முன்னால். வெர்னா நம் இருங்காட்டுக்கோட்டையில் உருவாகிற வண்டியும்கூட. நாள் முழுதும் நெரிசலில் ஓட்டுகிறவர்கள் சிட்டி ஹைபிரிட்டைப் பார்க்கலாம். குறைந்த வேகத்தில் பெரும்பாலும் மின்மோட்டாரில் நகரும். விலை அதிகம், பேட்டரி இடம் பிடிப்பதால் டிக்கி 506 லிட்டரிலிருந்து 306 ஆகக் குறையும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் அரிசி மூட்டை ஏற்றி வருகிற குடும்பத்துக்கு அது சரிப்படாது.

என் பரிந்துரை இது. வயதானவர்கள் தினமும் ஏறுகிற வீடு என்றால் சிட்டி. நான்கு பேர் குடும்பம், ஊருக்கு அடிக்கடி நெடும்பயணம், ஓட்டுவதில் ஆசை என்றால் ஸ்லாவியா அல்லது விர்டஸ் 1.0, ஏதாவது ஒரு நடு வேரியன்ட்டில். பின்னால் மூன்று பிள்ளைகள் உட்காரும் வீட்டுக்கு வெர்னா, டர்போ இல்லாதது.

டெஸ்ட் டிரைவ் போகும்போது குடும்பத்தோடு போங்கள். ஷோரூம்காரர் காட்டும் புதுச் சாலையில் ஓட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். உங்கள் வீட்டுத் தெருவுக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், கேட்டால் அனுப்புவார்கள். பின்னால் மூன்று பேரை உட்கார வைத்து, உங்கள் தெருவில் எது உயரமான ஸ்பீட் பிரேக்கரோ அதன் மேல் மெதுவாக ஏற்றுங்கள். பிறகு நீங்கள் இறங்கிப் பின் சீட்டுக்குப் போய், வேறு ஒருவரை ஓட்டச் சொல்லி, அதே வழியில் இன்னொரு முறை வாருங்கள். அம்மாவைத் தானாக ஏறி இறங்கச் சொல்லுங்கள், கை கொடுக்காதீர்கள். அதன் பிறகு விலை பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.